புத்தளக் கரையில் இரு பாதைகள்

கொழும்பிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை நீர்கொழும்பைக் கடந்து மகா ஓயாவைத் தாண்டியதும் புத்தளம் மாவட்டத்தினுள் புகுந்துவிடுகின்றது. வென்னப்புவை, மாறவில, சிலாபம் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எங்கு நோக்கினும் தென்னை. சாலையின் ஒரு மருங்கிலே தோப்பு. மறு மருங்கிலே தோப்பின் ஊடாகத் தெரியும் கடல். தெங்கு ஆராய்ச்சி நிலையம் அமைந்திருக்கும் லுணுவிலையும் இப்பகுதியைச் சேர்ந்ததே. சிலாபத்தின் அருகே முன்னேஸ்வரம் கோயிலைத் தரிசித்துக்கொண்டு தெதுறு ஓயாவைக் கடந்தோமாயின் நிலத்தின் தோற்றம் மாறுகின்றது. ஈரம் குறைந்து மணல் மிகுகின்றது. தென்னையோடு பனையும் தலைகாட்டத் தொடங்குகின்றது. தென்னிலங்கையை விட்டு வடபுலத்தின் வாயிலை அணுகுகிறோம் என்பதை யாரும் சொல்லாமலே உணர்ந்துகொள்ளலாம்.

இம்முறை நாம் இவ்வழியே சென்றது இயற்கைக் காட்சிகளைக் காண்பதற்காக மட்டுமன்று. கற்பிட்டிக் குடாநாட்டிலே வாழும் நண்பர் ஒருவரின் மகள் உயர்தரப் பரீட்சையிலே கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு பெற்றிருந்தாள். கணினி விஞ்ஞானம் படிப்பதென்று முடிவு செய்துவிட்டாள். ஆயின் அதனைக் கொழும்பிலே படிப்பதா, யாழ்ப்பாணத்திலே படிப்பதா என்ற வினா அவ்வீட்டில் உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. ‘ஒருமுறை வந்து எங்களோடு இருந்து பேசிவிட்டுப் போங்கள்’ என்று நண்பர் அழைத்திருந்தார். இரு நாள் அவகாசம் இருந்தமையால் கரையோரத்தையும் கண்டுகொண்டே சென்றோம்.

பத்துளு ஓயாவுக்கு மேற்கே கடலோரத்தில் உடப்பு என்னும் தமிழூர் இருக்கின்றது. திரௌபதையம்மன் ஆலயத்தின் தீமிதிப்பு விழாவால் நாடெங்கும் அறியப்பட்ட ஊர் இது. நாம் சென்ற காலை வேளையிலே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலையின் இரு கயிறுகளையும் இரு கூட்டத்தார் தனித்தனியே பற்றி இழுக்க, மடி மெல்ல மெல்லக் கரையை நெருங்கியது. முதியவர் ஒருவரிடம், சோளகம் பெயர்ந்து கடல் கொந்தளிக்கும் மாதங்களில் என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். ‘இந்தக் கடல் மூடினால் அந்தக் கடல் திறந்திருக்கும்’ என்றார். இக்கரை மீனவர் பலர் அப்பருவத்தில் கீழைக் கரைக்குச் சென்று, வாடி அமைத்துத் தொழில் செய்து, காற்று மாறியதும் மீள்வது நெடுநாள் வழக்கம். எந்தக் கடல் பெருமை வாய்ந்தது என்று அவர்கள் விவாதிப்பதில்லை. எந்தக் கடலில் அப்பொழுது தொழில் நடக்கும் என்பதையே பார்க்கின்றனர்.

முந்தல், மதுரங்குளி என்னும் ஊர்களைக் கடந்து பாலாவியை அடைந்தால் உப்பளங்கள் வெள்ளைப் பாத்திகளாய் வெயிலிலே கண்ணைப் பறிக்கின்றன. சற்று வடக்கே புத்தளம் நகரம். கடனீரேரியின் ஓரத்தில் மாலையில் நின்றால் இந்நகரின் பழைமை நினைவுக்கு வருகின்றது. 1344ஆம் ஆண்டிலே மாலைதீவிலிருந்து கப்பலேறிய மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா இக்கரையிலேதான் இறங்கினார். அப்பொழுது யாழ்ப்பாணத்து அரசனாகிய ஆரியச்சக்கரவர்த்தி இங்கே தங்கியிருந்தான். பாரசீக மொழியை விளங்கிக்கொள்ளும் ஆற்றலுடைய அவ்வரசன், பயணிக்குத் தன் முத்துக்களைக் காட்டி, பாவா ஆதம் மலைக்குச் செல்லத் துணையாட்களையும் கொடுத்துத் தெற்கே அனுப்பினான் என்று பயணக் குறிப்புக் கூறுகின்றது. வடக்கின் அரசனும் தெற்கின் மலைக்குச் செல்லும் பாதையும் சந்தித்த இடம் இது. இன்றும் இங்கே நின்றால் கொழும்பு தெற்கே ஏறக்குறைய 130 கிலோமீற்றர். யாழ்ப்பாணமோ அநுராதபுரம், வவுனியா வழியாக அதனைப்போல் இருமடங்குத் தொலைவு. நமது நண்பரின் வீட்டு வினாவும் இவ்விரு திசைகளைப் பற்றியதே அன்றோ?

மறுநாள் பாலாவிக்குத் திரும்பி, மேற்கே கற்பிட்டிக்குச் செல்லும் சாலையைப் பிடித்தோம். வலப்புறம் கடனீரேரி, இடப்புறம் பெருங்கடல், நடுவே ஒடுங்கிய மணற்றரை. அந்த மணலிலும் மிளகாயும் வெங்காயமும் பயிராக்கி விடுகின்றனர் இவ்வூர் மக்கள். நுரைச்சோலையிலே 900 மெகாவாற்று ஆற்றலுடைய அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி நெடுந்தூரத்திலிருந்தே தெரிகின்றது. இதன் முதலாவது பகுதி 2011இல் இயங்கத் தொடங்கியது. காற்றாலைகளின் இறகுகள் ஓய்வின்றிச் சுழல்கின்றன. தலவிலையிலே புனித அன்னம்மாள் திருத்தலம். சாலை முடியுமிடத்தில், 17ஆம் நூற்றாண்டிலே ஒல்லாந்தர் கட்டிய கற்பிட்டிக் கோட்டை.

கோட்டையைக் காட்டிலும் நம் மனத்தைக் கவர்ந்தது கற்பிட்டியிலே பிறந்த ஒரு மனிதரின் நினைவு. அவர் சைமன் காசிச்செட்டி. 1807இல் பிறந்த இப்பெரியார், இலங்கையின் ஊர்கள், ஆறுகள், மக்கள் பற்றிய செய்திகளை அகரவரிசைப்படுத்தி 1834இல் ஒரு பெருநூலை வெளியிட்டார். தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளை ஆங்கிலத்தில் தொகுத்து 1859இல் ‘தமிழ் புளூட்டாக்’ என்ற நூலையும் தந்தார். சிதறிக் கிடக்கும் செய்திகளைச் சேகரித்து, வகைப்படுத்தி, வேண்டியபோது வேண்டியதை எடுக்கும்படி வைப்பதே கணினி விஞ்ஞானத்தின் பெரும் பணிகளுள் ஒன்று என்று அத்துறை வல்லார் கூறுவர். அங்ஙனமாயின் இக்கரைக்கு அப்பணி புதிதன்று.

நண்பரின் இல்லம் ஆலங்குடாப் பக்கத்தில் இருந்தது. அவ்வில்லத்தின் வரலாற்றைச் சொல்லாமல் வினாவின் பாரம் விளங்காது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரிலே அதற்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். ஏறக்குறைய 75,000 பேர் வீடிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் வந்து சேர்ந்தது இந்தப் புத்தளம் மாவட்டத்துக்கே. ஏற்கெனவே இங்கு வாழ்ந்த மக்கள் தம் நிலத்திலும் நீரிலும் அவர்களுக்குப் பங்கு கொடுத்தனர். ஓலைக் குடிசைகளாய்த் தொடங்கிய குடியிருப்புகள் இன்று கல்வீடுகளும் பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் கொண்ட ஊர்களாகிவிட்டன. நண்பர் சிறுவனாய் இங்கு வந்தவர். அவருடைய தகப்பனார் யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலே தையற்கடை வைத்திருந்தவர். இப்பொழுது முதுமையடைந்து, திண்ணையிலே சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். மாணவியோ இம்மணலிலேயே பிறந்தவள்.

தேநீர் அருந்தியபின் பேச்சுத் தொடங்கியது. நண்பர் கொழும்பை விரும்பினார். ‘கம்பனிகள் எல்லாம் அங்கேதான். படிக்கும்போதே தொழிற்பயிற்சி கிடைக்கும். வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறினால் இராச்சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்’ என்றார். அவர் துணைவியாரும் கொழும்பையே விரும்பினார், காரணம் வேறு. ‘எங்களை அனுப்பிய ஊருக்குப் பிள்ளையைத் தனியே அனுப்ப மனம் வரவில்லை’ என்று தாழ்ந்த குரலில் கூறினார். முதியவர் ஒன்றும் பேசவில்லை. மாணவி தன் அப்பியாசப் புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தாள். நடுவே ஒரு கோடிட்டு, ஒருபுறம் கொழும்பு, மறுபுறம் யாழ்ப்பாணம் என்று எழுதியிருந்தாள். அதை வைத்துக்கொண்டே நாமும் ஆராயலானோம். இத்தகைய வினாவை எதிர்நோக்கும் குடும்பங்கள் பல இருக்கக்கூடும் ஆதலின், ஆராய்ந்தவற்றை இங்கே சற்று விரித்து உரைக்கின்றோம்.

முதலாவதாக, தெரிவு எங்ஙனம் நடைபெறுகின்றது என்பதை அறிதல் வேண்டும். 2001ஆம் ஆண்டு முதல் நம் நாட்டிலே இசட் புள்ளி முறை வழங்குகின்றது. ஒரு பாடத்தில் ஒருவர் பெற்ற புள்ளி அப்பாடத்துக்குத் தோற்றியவர்களின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றது என்பதை அது அளக்கின்றது. பல பாடநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசையிலும், 55 சதவீத இடங்கள் மாவட்டச் சனத்தொகை விகிதத்திலும், எஞ்சிய 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. இக்கடைசி வரிசையிலே புத்தளமும் ஒன்று.

அடுத்து, விண்ணப்பத்திலே பாடநெறியையும் பல்கலைக்கழகத்தையும் சேர்த்து, விருப்ப வரிசைப்படி குறிப்பிடல் வேண்டும். மேலேயுள்ள விருப்பத்துக்குப் புள்ளி போதுமாயின் அதுவே கிடைக்கும், கீழேயுள்ளவை பார்க்கப்படுவதில்லை. போதாதாயின் அடுத்ததற்குச் செல்வர். இதிலே இரண்டு உண்மைகள் அடங்கியுள. எட்டாதோ என்று அஞ்சும் இடத்தை முதலில் எழுதுவதனால் அடுத்த இடத்துக்குரிய உரிமை குறைவதில்லை. அதே வேளையில், எளிதில் எட்டும் இடத்தை முதலில் எழுதிவிட்டால் மற்றைய இடத்துக்குரிய வாய்ப்புத் தானே மூடிக்கொள்கின்றது. வெட்டுப்புள்ளியை ஊகித்து வரிசையமைக்கும் மாணவர் பலர் உளர். அது வீண் முயற்சி. மனம் உண்மையாக விரும்பும் வரிசையே சரியான வரிசை. ஆகவே கேள்வி, எது கிடைக்கும் என்பதன்று. எதை விரும்புகிறோம், ஏன் விரும்புகிறோம் என்பதே.

இனி இரு கழகங்களையும் நோக்குவோம். கொழும்பிலே கணினிக் கல்விக்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர் பேராசிரியர் வி. கே. சமரநாயக்க என்னும் கணித அறிஞர். 1987இல் தோன்றிய கணினித் தொழினுட்ப நிறுவனமும், பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞானத் துறையும் ஒன்றிணைந்து 2002ஆம் ஆண்டிலே கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி என்ற தனி நிறுவனமாயின. முழு நிறுவனமுமே கணினிக்கென அமைந்திருப்பது அதன் சிறப்பு. சிங்களத்தையும் தமிழையும் கணினியில் வழங்கச் செய்யும் ஆய்வுகூடம் ஒன்றும் அங்கே உண்டு.

யாழ்ப்பாணத்தின் கதை வேறு விதமானது. 1974இல் திருநெல்வேலியிலே, சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளவில், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத் தொடங்கி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் விஞ்ஞான பீடத்திலே கணினி விஞ்ஞானத் துறை நிறுவப்பட்ட ஆண்டு 1991. யாழ்ப்பாணத்தில் மின்சாரமே அற்றுப்போயிருந்த போர்க்காலம் அது. விளக்கெரிக்க எண்ணெய் தேடித் திரிந்த நாளிலே கணினிக்கென ஒரு துறை தொடங்கிய துணிவை எண்ணுந்தோறும் வியப்பே மிகுகின்றது. கணிதம், பௌதிகம் முதலிய துறைகளோடு அண்டி வளர்ந்த துறையாதலின், அடிப்படை விஞ்ஞானத்தில் நாட்டமுள்ளோர்க்கு அச்சூழல் உகந்தது. 2009இல் போர் முடிந்தபின் கண்டி வீதி தடையின்றித் திறந்தது. 2014 ஒக்டோபரில் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது.

மாணவி கோடிட்ட தாளிலே ஒற்றுமைகளே முதலில் வந்தன. இரண்டும் அரசாங்கப் பல்கலைக்கழகங்கள். 1945 முதல் வழங்கும் இலவசக் கல்வியின் பயனாய் இரண்டிலும் படிப்புக் கட்டணம் இல்லை. தகுதியுடைய மாணவர்க்கு மகாபொல உதவியும் இரண்டிலும் ஒன்றே. இரண்டிலும் கற்பிக்கும் மொழி ஆங்கிலம். பதின்மூன்று ஆண்டு தமிழிலே படித்த பிள்ளைக்கு உண்மையான முதற் சோதனை இந்த ஆங்கிலமே. யாழ்ப்பாணம் சென்றால் ஆங்கிலத் தொல்லை இல்லை என்று எண்ணுவோர் உளர், அது தவறு. வகுப்பறைக்கு வெளியேதான் வேறுபாடு. அங்கே கடைத்தெருவும் விடுதியும் தமிழ் பேசும். கொழும்பிலே சிங்களமும் ஆங்கிலமும் கலந்து ஒலிக்கும். புத்தளத்துப் பிள்ளைகளுக்கோ சிங்களம் அயலாரின் மொழி, அந்நிய மொழியன்று.

செலவைப் பார்த்தால் தங்குமிடமும் உணவுமே பெருஞ்செலவு. தலைநகரிலே வாடகை அறை எடுப்பது எளிதன்று. விடுதி எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும் என்பதை இரு இடத்தும் இப்பொழுது படிக்கும் மாணவரிடமே விசாரித்து அறிதல் நன்று. விரிவுரையாளர் யார், ஆய்வுகூடம் எத்தகையது, மூன்றாம் நான்காம் ஆண்டுகளில் எவ்விடயங்களைத் தெரிவு செய்யலாம், பயிற்சிக்கு எங்கே அனுப்புகின்றனர் என்பவற்றையும் அவர்களே உள்ளவாறு உரைப்பர். ஊர்ப் பெருமையும் உறவினர் பேச்சும் இவ்விடத்தில் உதவமாட்டா.

இவ்வளவும் பேசியபின் மாணவியைப் பார்த்து, ‘கணினி படித்து நீ எதைச் செய்ய நினைக்கிறாய்?’ என்று வினவினோம். சற்று நாணத்தோடு அவள் கூறினாள்: ‘மூத்தவாப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. கைத்தொலைபேசியில் பேசித்தான் தேடுகிறார். அவர் பேசும் தமிழ் அதற்கு விளங்குவதில்லை. எங்கள் தமிழை விளங்கிக்கொள்ளும் கணினியைச் செய்ய வேண்டும்.’ அவளுடைய தாளிலே கொழும்பின் பக்கத்தில், மொழி ஆய்வுகூடம் என்ற வரியின் கீழ் இரு கோடுகள் இழுக்கப்பட்டிருந்ததை அப்பொழுதுதான் கவனித்தோம்.

‘அப்படியானால் யாழ்ப்பாணத்தை ஏன் எழுதினாய், மகள்?’ என்று தாயார் கேட்டார். அவள் முதியவரை நோக்கினாள். ‘மூத்தவாப்பாவுக்காக’ என்றாள்.

அதுவரை மௌனமாயிருந்த முதியவர் பேசினார். அவர் சொன்னவற்றைச் சுருக்கித் தருகின்றோம். திருநெல்வேலியிலே சர்வகலாசாலை திறந்த காலத்தில் அவர் இளைஞர். அங்கு படித்த மாணவர்க்கு எத்தனையோ காற்சட்டைகள் தைத்துக் கொடுத்தவர். துணியின் அளவு பார்த்துப் பார்த்து, இன்ன பிள்ளை இரண்டாம் ஆண்டில் மெலிந்துவிட்டான், இன்னவன் பட்டம் பெறுவதற்குள் பருத்துவிட்டான் என்று அறிந்தவர். ஆனால் அவ்வாயிலினுள் ஒருநாளும் காலடி வைத்ததில்லை. தம் பேத்தி அவ்வாயிலினுள் செல்வதைக் காண வேண்டுமென்ற ஆசை அவருக்கு இல்லாமலில்லை.

‘ஆனால் மகள், என் ஊருக்காக உன் வரிசையை மாற்றாதே. ஊரை விடுமுறையில் போய்ப் பார்க்கலாம். படிப்பை விடுமுறையில் படிக்க முடியாது’ என்றார். பின்னர் மருமகளை நோக்கி, ‘பயத்துக்காகவும் மாற்ற வேண்டாம். அங்கே எங்களுடைய சனங்கள் கொஞ்சப்பேர் திரும்பிப் போயிருக்கிறார்கள். பிள்ளைக்கு அங்கே கிடைத்தால் நான் கூட்டிக்கொண்டு போய் விடுவேன்’ என்று முடித்தார். அதன்பின் நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை.

அன்றிரவு மாணவி தன் விருப்ப வரிசையை எழுதினாள். முதலாவது கொழும்பு; இரண்டாவது யாழ்ப்பாணம். அதற்குக் கீழே வேறு பாடநெறிகள். இதனைக் கண்டு, கொழும்பு உயர்ந்தது, யாழ்ப்பாணம் தாழ்ந்தது என்று வாசகர்கள் முடிவு செய்தலாகாது. அவள் செய்ய விரும்பும் வேலைக்கு வேண்டிய ஆய்வுகூடம் கொழும்பில் இருந்தது. ஆதலின் அவளுக்கு அதுவே முதல். கணிதத்தோடு கணினியைச் சேர்த்துப் படிக்க விரும்பும் வேறொரு மாணவனுக்கு யாழ்ப்பாணமே முதலாகலாம். வீட்டின் பொருள்நிலை இன்னொருவனின் வரிசையை நிர்ணயிக்கலாம்; அதுவும் மதிக்கத்தக்க காரணமே. காரணம் தன்னுடையதாயும் உண்மையானதாயும் இருத்தல் வேண்டும் என்பதொன்றே முக்கியம். பெற்றோரின் அச்சமும், பாட்டனின் ஏக்கமும், அயலாரின் மதிப்பீடும் அன்பினாலே பிறப்பவைதாம். எனினும் நான்கு ஆண்டு காலம் விரிவுரை மண்டபத்திலே அமர்ந்திருக்கப் போகின்றவர்கள் அவர்கள் அல்லர்.

மாணவர்களுக்கு இன்னுமொரு வார்த்தை. கணினித் துறையிலே இன்று கற்பிக்கப்படும் கருவி சில ஆண்டுகளில் பழைமையாகிவிடும். நிலைத்து நிற்பவை கணிதமும், தெளிவாகச் சிந்திக்கும் பழக்கமும், தானே கற்கும் முயற்சியுமே. இவற்றை இரு பல்கலைக்கழகங்களும் கொடுக்க வல்லன. பெற்றுக்கொள்ளும் பொறுப்பு மாணவருடையது. முதல் விருப்பம் கிடைக்கவில்லையே என்று மனமுடைந்து முதலாண்டை வீணாக்குவோரும், கிடைத்துவிட்டதென்று மகிழ்ந்து அதே ஆண்டை வீணாக்குவோரும் இறுதியிலே ஒரே இடத்தைத்தான் அடைகின்றனர்.

மறுநாட்காலை நாம் விடைபெற்றபொழுது முதியவர் வாயில்வரை வந்தார். மாணவியின் பெயர் எந்தப் பட்டியலில் வரினும், வரும் விடுமுறையில் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் செல்வதென்று இரவே தீர்மானமாகிவிட்டதாம். தாயாரும் இசைந்துவிட்டாராம். அச்செய்தியைச் சொல்லும்போது அவர் முகத்திலே தோன்றிய மலர்ச்சி, எந்த வெட்டுப்புள்ளியும் கொடுக்கவோ பறிக்கவோ இயலாத ஒன்று.